“பத்து நாள் கழிச்சு வாங்க”: கரு தங்குமா என்று தெரியாத நாட்கள்

“ஏனுங் டாக்டர், கொழந்தை நல்லா இருக்குதுங்களா?”

“இன்னைக்குச் சொல்ல முடியாதும்மா. பத்து நாள் கழிச்சு வாங்க, இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

நாள் தள்ளிப்போய், கிட்டில் இரண்டு கோடு வந்து, ஆசையாக முதல் ஸ்கேனுக்குப் போகிறவர்களில் சிலருக்கு இந்தப் பதில்தான் கிடைக்கிறது. வெளியே வந்ததும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஆளுக்கொரு பொருள் கிளம்பும். “இன்னொரு ஸ்கேனுக்குக் காசு பாக்கறாங்க” என்பார் மாமனார். “அன்னைக்கே சொன்னேன், அந்தியூர் சந்தைக்கு வண்டியில போக வேண்டாம்னு” என்பார் அம்மிச்சி. “எனக்கெல்லாம் ஆறாவது வாரமே துடிப்பு வந்துருச்சே” என்று பழைய தோழி வாட்ஸ்அப்பில் எழுதுவாள். கணவர் போனைத் தடவி, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பக்கத்திலும் எல்லாம் முடிந்தது என்று மறு பக்கத்திலும் படித்துவிட்டு நடுச்சாமத்தில் படுக்கப் போவார்.

டாக்டர் நல்ல செய்தியும் சொல்லவில்லை, கெட்ட செய்தியை மென்று விழுங்கவும் இல்லை. ஆரம்பக் கர்ப்பத்தில் சில கேள்விகளுக்கு ஒரே நாள் பரிசோதனையில் விடை வராது. இரண்டு நாட்களுக்கு நடுவில் என்ன மாறியது என்பதுதான் விடை. அந்தப் பத்து நாளும் பரிசோதனையில் சேர்ந்ததுதான். அது எப்படி என்று கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

## வாரக் கணக்கு எங்கே தொடங்குகிறது

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் தோட்டத்தில் முளைப்பு சரியில்லை என்று யாரையாவது கூட்டிவந்து காட்டினால், அவர் முதலில் கேட்பது நட்ட தேதியைத்தான். தேதியில் பத்து நாள் பிசகு என்றால் கிழங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

கர்ப்பத்தில் அந்தத் தேதிக்கு எல்.எம்.பி. என்று பெயர். கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாள் அது. கரு உண்டான நாள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதால் உலகம் முழுக்க இந்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை தீட்டு வருகிற பெண்ணுக்கு ஏறக்குறைய 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும். ஆகவே தாளில் ‘6 வாரம்’ என்று இருந்தால் கருவின் உண்மையான வயது 4 வாரம்.

பி.சி.ஓ.டி. எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்து 40 நாளைக்கு ஒருமுறை தீட்டு வருகிறவர் கதை வேறு. அவருக்குக் கருமுட்டை 26ஆம் நாள் வாக்கில்தான் வெளிவரும். 45ஆம் நாள், அதாவது 6 வாரம் 3 நாள் என்ற கணக்கில் அவர் ஸ்கேனுக்குப் போகிறார். பிந்திய 12 நாளைக் கழித்தால் மிஞ்சுவது 33 நாள். 4 வாரம் 5 நாள். அந்தக் கட்டத்தில் துடிப்பு தெரியாது, தெரியவும் கூடாது. கருத்தடை மாத்திரையை நிறுத்திய உடனே கரு உண்டானவர்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே உண்டானவர்கள், முந்தைய தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பிசகு வரும். உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இதுவரை பார்த்தது: தாளில் உள்ள வாரம் ஒரு மதிப்பீடு. சுழற்சி நீளமாக இருந்தால் கரு அந்தக் கணக்கைவிட இளையது.

## ஒரு ரீடிங்கில் கரண்ட் செலவு தெரியாது

வீட்டு மீட்டரில் 8,412 என்று காட்டுகிறது. கரண்ட் அதிகம் செலவாகிறதா, குறைவாகவா? அந்த எண்ணை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஈ.பி. ஆள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, போன ரீடிங்கைக் கழித்தால்தான் யூனிட் வரும்.

பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையும் இப்படித்தான். எச்.சி.ஜி. என்பது, கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டிய பிறகு நஞ்சுக்கொடியாக மாறப்போகிற செல்கள் சுரக்கும் ஹார்மோன். சிறுநீர்க் கிட் இது இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். ரத்தப் பரிசோதனை எவ்வளவு என்று சொல்லும். ஆனால் ஒரே வாரக் கணக்கில் இருக்கும் இரண்டு ஆரோக்கியமான கர்ப்பங்களில் ஒன்றில் சில நூறும் மற்றொன்றில் சில ஆயிரமும் இருக்கலாம். அதனால் தனி ஒரு எண்ணுக்குப் பொருள் கிடையாது. 48 மணி நேரம் விட்டு மறுபடி எடுக்கிறார்கள்.

இங்கேதான் பரவலான ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. இரண்டு நாளில் கட்டாயம் இரட்டிப்பாக வேண்டும் என்று சொல்வார்கள். சராசரியாக அப்படி ஏறுவது உண்மைதான். ஆனால் மெதுவாக ஏறியும் நன்றாக வளரும் கர்ப்பங்கள் இருக்கின்றன. முதல் எண் 1,500க்குக் கீழே இருந்தால் 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீதம், 1,500 முதல் 3,000 வரை இருந்தால் 40 சதவீதம், அதற்கு மேல் என்றால் 33 சதவீதம் ஏறியிருக்க வேண்டும் என்பது இன்று டாக்டர்கள் எடுத்துக்கொள்ளும் கீழ் எல்லை.

முதல் நாள் 400, இரண்டு நாள் கழித்து 640 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்பு இல்லை, வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ஆனால் ஏற்றம் 60 சதவீதம், எல்லைக்கு மேலேதான். 400 என்பது 520 ஆனால் ஏற்றம் 30 சதவீதம்தான்; ஐயத்துக்கு இடமுண்டு, தீர்ப்புக்கு இல்லை. 400 என்பது 180 ஆனால், பாதிக்கும் மேல் இறங்கிவிட்டது, இந்தக் கர்ப்பம் தொடர வாய்ப்பு மிகக் குறைவு.

கணக்கு எங்கே கெடும்? முதல் ரத்தம் ஒரு லேபிலும் இரண்டாவது வேறொரு லேபிலும் கொடுத்தால் கெடும், ஏனென்றால் கருவிக்குக் கருவி எண் மாறும். சனிக்கிழமை காலையில் கொடுத்துவிட்டு ஞாயிறு லேப் மூடியிருக்குமே என்று அன்று மாலையே இரண்டாவதைக் கொடுத்தாலும் கெடும். இன்னொன்று: ஆரம்பத்தில் வேகமாக ஏறும் இந்த ஹார்மோன் போகப் போக மெதுவாகி, 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாகவே இறங்கும். ஸ்கேனில் துடிப்பு தெரிந்த பிறகு பீட்டா எடுப்பதில் பலன் இல்லை. வீண் பயம்தான் மிச்சம்.

கிட்டைத் தினமும் போட்டுக் கோடு அழுத்தமாகிறதா என்று பார்ப்பதும் இதே வகை. கோட்டின் நிறம் அன்று குடித்த தண்ணீரைப் பொறுத்து மாறும். கருவின் வளர்ச்சி நின்றுபோன பிறகும் பல நாட்கள், சிலருக்கு வாரக்கணக்கில், கோடு வந்துகொண்டே இருக்கும்.

சுருக்கமாக: பீட்டாவில் பார்க்க வேண்டியது இரண்டு எண்களின் வித்தியாசம். அதே லேப், 48 மணி நேர இடைவெளி.

## ஸ்கேனில் எது எப்போது தெரியும்

வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் கருவுறை: கர்ப்பப்பைக்குள் ஒரு சிறு கறுப்பு வட்டம். ஸ்கேன் சென்டரில் இதைச் ‘சேக்’ என்பார்கள். நாலரை முதல் 5 வாரத்தில் தெரியும். அடுத்து அதற்குள் மோதிரம் போல ஒரு வெள்ளை வளையம், ‘யோக் சேக்’. நஞ்சுக்கொடி தயாராகும்வரை கருவுக்கு ஊட்டம் கொடுக்கும் பை. இது ஐந்தரை வார வாக்கில். பிறகு அந்த வளையத்தை ஒட்டி அரிசி நொய் அளவில் கரு, அதில் மினுக்மினுக்கென்று துடிப்பு. இது 6 வாரத்தையொட்டி.

இந்தக் கணக்கு உள்வழி ஸ்கேனுக்கு, அதாவது டி.வி.எஸ்.ஸுக்கு. வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கும் ஸ்கேனில் இவையெல்லாம் ஏறக்குறைய ஒரு வாரம் பிந்தியே தெரியும். மேல்வயிற்று ஸ்கேனில் துடிப்பு தெரியவில்லை என்று கலங்கிய சிலருக்கு அதே நாளில் உள்வழி ஸ்கேனில் தெரிந்துவிடும்.

உள்வழி ஸ்கேன் என்றால் நம் வீடுகளில் தயக்கம் அதிகம். கரு கலைந்துவிடும் என்ற பயமும் உண்டு. அந்தக் கருவி பிறப்புறுப்புப் பாதையோடு நின்றுவிடுகிறது. கர்ப்பப்பை வாய்க்குள் போவதில்லை, கருவைத் தொடுவதுமில்லை. ஸ்கேனுக்குப் பிறகு ரத்தம் பட்டால் ஸ்கேன்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். மேல்வயிற்று ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடித்து மூத்திரப்பையை நிரப்பிப் போக வேண்டும், உள்வழி ஸ்கேனுக்குக் காலியாக இருக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே எது என்று கேட்டுக்கொண்டால் வராந்தாவில் ஒரு மணி நேரம் நெளிய வேண்டியதில்லை.

## 7 மில்லிமீட்டரும் 25 மில்லிமீட்டரும்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நாற்றங்கால் போடுகிறவர்களைக் கேளுங்கள். விதைக்காய்களில் சில இரண்டு மூன்று மாதத்தில் முளைவிடும், சில இழுத்தடிக்கும். முளைக்காததை மூன்றாம் மாதமே யாரும் எடுத்துப்போடுவதில்லை. ஆறு மாதம் வரை விட்டுப் பார்ப்பார்கள். நல்ல காய்களில் மிக மெதுவானது எதுவோ, அதையும் தாண்டிய இடத்தில் எல்லை வைத்திருக்கிறார்கள். தேதி குறிக்கும் இந்த முறைக்காக மட்டுமே இந்த உவமை. கருவையும் காயையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

‘கருவின் வளர்ச்சி நின்றுவிட்டது’ என்று உறுதியாகச் சொல்ல மருத்துவம் வைத்திருக்கும் எல்லைகளும் இதே முறையில் வந்தவை. முன்பு கருவின் நீளம் 5 மி.மீ. இருந்து துடிப்பு இல்லாவிட்டாலோ, கருவுறை 16 மி.மீ. இருந்து உள்ளே கரு தெரியாவிட்டாலோ முடிவு சொல்லிவிடுவது வழக்கம். 2011இல் வெளிவந்த ஆய்வுகள் இந்த எல்லைகள் மிக நெருக்கமானவை, உயிருள்ள சில கருக்களும் இதில் அடிபட்டுப்போகும் என்று காட்டின. 2012இல் அமெரிக்காவில் கதிரியல், மகப்பேறு நிபுணர்கள் கூடிப் பேசி, 2013இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எல்லையைத் தள்ளிவைத்தார்கள். உள்வழி ஸ்கேனில் இன்று பார்க்கப்படுவது இவை:

- கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை. தலை முதல் பிட்டம் வரையான இந்த நீளம் தாளில் சி.ஆர்.எல். என்று இருக்கும்.
- கருவுறையின் சராசரி அளவு 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே கரு இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்த இந்த எண்ணுக்கு எம்.எஸ்.டி. என்று பெயர்.
- முதல் ஸ்கேனில் யோக் சேக் இல்லாத உறை மட்டும் தெரிந்து, 2 வாரமோ அதற்கு மேலோ ஆகியும் துடிப்புள்ள கரு இல்லை.
- முதல் ஸ்கேனில் யோக் சேக்கும் தெரிந்து, 11 நாளோ அதற்கு மேலோ ஆகியும் துடிப்புள்ள கரு இல்லை.

‘பத்து நாள் கழிச்சு வாங்க’ என்பது எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? 7 முதல் 14 நாள் வரை டாக்டர் எந்த இடைவெளி சொன்னாலும் இந்த எல்லைகளை மனத்தில் வைத்துத்தான். ஆரம்பத்தில் உறையும் கருவும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளர்கின்றன. ஒரே உறையை இருவர் அளந்தால் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம். ஆகவே மூன்றாம் நாளே போய் இன்னொரு ஸ்கேன் எடுத்தால், வளர்ச்சி எது, அளவுப்பிழை எது என்று பிரிக்க முடியாது. மனம் பொறுக்காமல் வாரத்துக்கு மூன்று சென்டர் ஏறி இறங்குகிறவர்கள் மூன்று விதமான எண்ணோடு வீடு திரும்புவது இதனால்தான்.

இந்த எல்லைகளை எட்டாத அளவை வைத்து ஒரு டாக்டர் அன்றே கலைப்பு மாத்திரையோ, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி-யோ செய்யச் சொன்னால், ரத்தப்போக்கோ வேறு ஆபத்தோ இல்லாதபோது, “இன்னொரு ஸ்கேன் பார்த்துட்டு முடிவு பண்ணலாங்களா?” என்று கேட்பது நியாயமான கேள்வி. டாக்டரை அவமதிப்பதாகாது. கருவின் வளர்ச்சி ஏற்கெனவே நின்றிருந்தாலும் ஒரு வாரக் காத்திருப்பால் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் நேராது.

இங்கே நிறுத்தி ஒரு வரி: எல்லை தள்ளி இருப்பது உயிருள்ள ஒன்றைத் தவறிப்போய்க்கூடக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்தத் தவிப்பு.

## தாளில் இருக்கும் சொற்கள்

குடும்பச் சண்டைக்குக் காரணமாகும் ஒரு சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘மிஸ்டு அபார்ஷன்’, ‘த்ரெட்டன்டு அபார்ஷன்’ என்று ரிப்போர்ட்டில் இருக்கும். ‘அபார்ஷன்’ என்றதும் மருமகள் எதையோ சாப்பிட்டுக் கலைத்துவிட்டாள் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மருத்துவத்தில் அந்தச் சொல் தானாகக் கலைவதையும் குறிக்கும். அந்தத் தாளை வைத்து யாரையும் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

‘த்ரெட்டன்டு’ என்றால் ரத்தம் படுகிறது, ஆனால் கர்ப்பப்பை வாய் மூடியிருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு கர்ப்பத்தில் ரத்தம் படுவது உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் நல்லபடியாகத் தொடர்கின்றன. ‘மிஸ்டு’ என்றால் கருவின் வளர்ச்சி நின்றுவிட்டது, உடல் இன்னும் அதை வெளியேற்றவில்லை. இதில் ரத்தம், வலி எதுவும் இல்லாமல் இருக்கலாம். ‘பிளைட்டட் ஓவம்’ என்றால் உறை வளர்ந்திருக்கிறது, கரு உருவாகாமலோ மிக ஆரம்பத்திலேயோ நின்றுவிட்டது. ‘வயபிலிட்டி அன்சர்டன்’ என்றால் கர்ப்பப்பைக்குள் இருக்கிறது, தொடருமா என்று இன்று சொல்ல முடியாது. நம் ‘பத்து நாள்’ இதற்குத்தான்.

## இந்த ஒன்றில் மட்டும் காத்திருப்பு வேறு மாதிரி

கிட் பாசிட்டிவ், ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியவில்லை. கரு எங்கே? மிக இளையதாக இருக்கலாம், ஏற்கெனவே கலைந்து போயிருக்கலாம், அல்லது கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் ஒட்டியிருக்கலாம். மூன்றாவதற்கு ‘எக்டோபிக்’ என்று பெயர். நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இப்படி ஆகும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்து. பீட்டா எண் ஒழுங்காக ஏறுவதாலும் இது இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பீட்டா இடத்தைச் சொல்லாது. எண் 3,500ஐத் தாண்டியும் உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியாவிட்டால் ஐயம் வலுக்கும்.

இந்த நிலையில் பத்து நாள் வீட்டில் இருப்பது சரியில்லை. 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பீட்டாவும், டாக்டர் சொல்லும் நாளில் ஸ்கேனும் கட்டாயம். தாளவாடியிலோ வால்பாறையிலோ இருப்பவர்கள், கரு எங்கே என்று தெரியும்வரை கீழே சத்தியமங்கலத்திலோ பொள்ளாச்சியிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. தாளவாடியிலிருந்து இறங்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைச் சாலையில் 40. நடுராத்திரி இறங்க வேண்டி வந்தால் ஒவ்வொரு வளைவும் நேரத்தைத் தின்னும்.

கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும், எந்த வகைக் காத்திருப்பில் இருந்தாலும், 108ஐ அழையுங்கள் அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், மணிக்கு இரண்டு பெரிய பேட் நனைந்துபோகும் அளவு ரத்தம் தொடர்ந்து இரண்டு மணி நேரம், காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்போக்கு. தோள்பட்டை வலியைப் பலர் வாயு என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறார்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது வரும் வலி அது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கலைப்பு மாத்திரை இந்தக் கட்டத்தில் மிகவும் ஆபத்து. குழாயில் உள்ள கருவை அது தீர்க்காது. ரத்தம் போனதும் எல்லாம் முடிந்தது என்று நம்ப வைத்துவிடும்.

## “எதுனால இப்பிடி ஆச்சு?”

வண்டியில் போனது, குடத்தைத் தூக்கியது, பப்பாளிப்பழம் ஒரு துண்டு, எள்ளுருண்டை, பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்த்தது, கண்ணேறு. பட்டியல் ஊருக்கு ஊர் மாறும்; குற்றவாளி மட்டும் எப்போதும் அந்தப் பெண்.

உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை ஆரம்பத்திலேயே கலைகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதிக்கோ அதற்கு மேலோ காரணம் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை. முட்டையும் விந்தணுவும் சேரும் வேளையிலேயே 46 என்ற கணக்கு கூடியோ குறைந்தோ போய்விடுகிறது. வயது ஏற ஏற இது கூடும். நாள் தள்ளிப்போவதற்கு முன்பே நடந்துவிட்ட பிழையை, பிறகு ஏறிய வண்டியோ தின்ற பழமோ உண்டாக்கியிருக்க முடியாது.

படுத்தே இருந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. பதினைந்து நாள் கட்டிலில் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறைய வாய்ப்பும், யோசிக்க இருபத்து நாலு மணி நேரமும்தான் கிடைக்கும். நடக்கலாம், சமைக்கலாம், வேலைக்குப் போகலாம். கனத்த மூட்டை தூக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள், உடம்பு அசதிக்காக.

புரொஜெஸ்டிரோன் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. ஏற்கெனவே ஒரு முறையாவது கரு கலைந்து, இந்த முறையும் ரத்தம் படுகிறவர்களுக்கு அது பயன்படலாம் என்று பெரிய ஆய்வு ஒன்று 2019இல் காட்டியது. எல்லோருக்கும் அல்ல. குரோமோசோம் பிழையுள்ள கருவை எந்த மாத்திரையும் காப்பாற்றாது. எழுதிக் கொடுத்திருந்தால் போடுங்கள். எழுதவில்லை என்றால் டாக்டர் அக்கறையில்லாதவர் என்று பொருளில்லை.

## பத்து நாளைக் கழிப்பது

முதலில் ஒரு நோட்டு. எல்.எம்.பி. தேதி, சுழற்சி நாள், கிட் முதலில் பாசிட்டிவ் ஆன தேதி, ஒவ்வொரு பீட்டா எண்ணும் எடுத்த மணியும், ஸ்கேன் தேதியும் அளவுகளும், ரத்தப் பிரிவு. எந்த ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக நேர்ந்தாலும் இந்த ஒரு பக்கம் பாதி வேலையை முடித்துவிடும். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் ரத்தப் பிரிவுச் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். வாரத்தைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

டாக்டரிடம் கேட்கும் கேள்வியையும் மாற்றிக்கொள்ளுங்கள். “நல்லா இருக்குதுங்களா?” என்றால் அவரால் மழுப்பத்தான் முடியும். “கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்குதுங்களா? சேக் எத்தனை மில்லிமீட்டர்? அடுத்த ஸ்கேனுக்கு எதுக்கு அந்தத் தேதி?” இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் உண்டு. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் பெரிய ஆபத்து அநேகமாக நீங்கியது.

ரத்தம் பட்டால் பேட் மட்டும் வையுங்கள், எத்தனை என்று குறியுங்கள், நிறத்தையும் எழுதுங்கள். காப்பித்தூள் நிறம் பழைய ரத்தம். பளிச்சென்ற சிவப்பும் கட்டியும் கூடிக்கொண்டே போனால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சதைபோல ஏதாவது வெளியேறினால் சுத்தமான டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். பார்க்கவே மனம் வராது, ஆனால் டாக்டருக்கு அது தேவைப்படலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இப்யூபுரோஃபன் வகை மாத்திரைகளைத் தானாகப் போட வேண்டாம். ஃபோலிக் அமிலத்தை நிறுத்தாதீர்கள். ரத்தம் படுவது நிற்கும்வரை தாம்பத்தியம் வேண்டாம் என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள்.

வாந்தி நின்றுவிட்டது, மார்பக வலி குறைந்துவிட்டது என்று அடையாளம் தேடுவது எல்லோரும் செய்கிற காரியம். நல்ல கர்ப்பத்திலும் அவை வந்து வந்து போகும். கருவின் வளர்ச்சி நின்ற பிறகும் சில நாள் நீடிக்கும். அவற்றிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது.

நம்பிக்கையோடு இருப்பதா, மனத்தைத் தேற்றிக்கொள்வதா என்ற குழப்பம்தான் மிகவும் வாட்டும். நம்பினால் பிறகு ஏமாற்றம் கூடும் என்றும், பயந்தால் குழந்தைக்கு ஆகாது என்றும் சொல்வார்கள். சில நாள் பயந்ததால் கரு கலைந்துவிடுவதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. “துடிப்பு தெரிஞ்சா இப்பிடிப் பண்ணலாம், தெரியலைன்னா இப்பிடி” என்று கணவனும் மனைவியும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இரண்டையும் பேசி வைத்துவிட்டால் இரவில் மனம் அதையே சுற்றிச் சுற்றி வருவது குறையும். கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்: மாலை 6 முதல் 6.30 வரை தேடலாம், பேசலாம், அழலாம். மற்ற நேரத்தில் அந்த எண்ணம் வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதி 6 மணிக்குத் தள்ளிவிடுங்கள். முதல் இரண்டு நாள் கேலியாகத்தான் இருக்கும். பிறகு வேலை செய்யும்.

யாருக்குச் சொல்வது? ஸ்கேன் அன்று கூட வருகிறவர், வீட்டு வேலையைப் பார்த்துக்கொள்கிறவர் என்று இரண்டு மூன்று பேர் போதும். மற்றவர்களுக்கு ஒரே பதிலைக் கணவர் சொல்லட்டும்: “இன்னும் ஒண்ணும் தெரியலைங்க, தெரிஞ்சதும் நாங்களே கூப்பிடறோம்.” ஒவ்வொரு நங்கைக்கும் கொழுந்தியாளுக்கும் முதலிலிருந்து விளக்கும் வேலையை அந்தப் பெண்ணின் தலையில் போடாதீர்கள். கோயிலில் பூக் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் கேட்கட்டும். மனத்துக்கு அது ஒரு பிடி. எந்தப் பூ வந்தாலும் ஸ்கேன் தேதி மட்டும் மாறக்கூடாது.

தூக்கம் நாள்கணக்கில் வராமல், சாப்பாடு இறங்காமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் பத்தாம் நாள்வரை பொறுக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை.

## இரண்டாவது ஸ்கேன் அன்று

முடிந்தால் முதல் ஸ்கேன் எடுத்த இடத்திலேயே எடுங்கள். இடம் மாறினால் பழைய தாளையும் படத்தையும் கொண்டுபோங்கள். பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காலை நேரமாகப் பாருங்கள், அன்றே டாக்டரைப் பார்க்க முடிகிற மாதிரி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி கழிப்பது பத்து நாளைவிட நீளம்.

துடிப்பு தெரிந்தால் ஆபத்து பெருமளவு குறைகிறது, முற்றாகப் போவதில்லை. இன்னும் இடைநிலை என்றால் மறுபடி ஒரு வாரம். நின்றுவிட்டது என்று உறுதியானால் மூன்று வழி: தானாக வெளியேறக் காத்திருப்பது, மாத்திரை, உறிஞ்சி எடுக்கும் சிறு சிகிச்சை. ரத்தப்போக்கோ காய்ச்சலோ இல்லாவிட்டால் அன்றே முடிவெடுக்க அவசரமில்லை. டி அண்ட் சி என்று சொன்னால், சுரண்டி எடுப்பதா, உறிஞ்சி எடுப்பதா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உறிஞ்சும் முறையை.

வேலைக்குப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் தாளில் எத்தனை வாரக் கர்ப்பம், எந்தத் தேதியில் கலைந்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டம் தரும் உரிமை, ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அதன் வழியாகக் கிடைக்கும். திருப்பூரில் வாரக் கூலியில் இருக்கும் பலர் இது பிரசவத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து மூன்றாம் நாளே மெஷினில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மாத்திரையிலோ தானாகவோ வெளியேறியிருந்தால் மூன்று வாரம் கழித்து ஒரு கிட் போட்டுப் பாருங்கள். அப்போதும் இரண்டு கோடு வந்தால் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கலாம், டாக்டரிடம் போக வேண்டும்.